ஒன்றரைக் குழி

விடிய நாலரை.
கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டுக்
குசினி வாசலில் முழந்தாளிட்டேன், ஆண்டவரே.
மதிலைப் பற்றித்தான்.

கிழக்கு வேலி இற்றுப்போயிற்று.
கறையான் ஒரு பக்கம்,
திலகேஸ்வரியின் ஆடு மறுபக்கம்.
சீட்டுக்காசு கைக்கு வந்திருக்கிறது.
மேசன் கல்லுக்கும் சீமெந்துக்கும் கணக்கு எழுதித் தந்துவிட்டான்.
அவளிடம் சொன்னேன்.
"நல்லது அக்கா, அளந்து போட்டுக் கட்டுவம்" என்றாள்.

அளந்து.
மூன்று கிழமையாய் அந்தச் சொல்
தலையணைக்குக் கீழே கிடக்கிறது.

ஞாயிறு ஆராதனையில் போதகர் சொன்னார்,
யாரோ ஒருவன் ஆட்டுமயிர்த் தோலை முற்றத்தில் விரித்து
உம்மிடம் பனியில் பதில் கேட்டானாம்.
உடுவில் வெக்கையில் தோலுக்கு எங்கே போக?
இவருடைய பழைய துவாயை வேலியோரம் விரித்தேன்.
நனைந்திருந்தால் இருக்கிற இடத்திலேயே மதில்.
உலர்ந்திருந்தால் விட்டுவிடுகிறேன்.
விடிந்து பார்த்தால்
அவளுடைய நாய் அதில் சுருண்டு கிடக்கிறது.
ஈரமா உலர்வா என்று பார்க்க
அதை எழுப்ப மனம் வரவில்லை.

பிறகு பல்லி சொன்னது.
நாங்கள் பல்லிக்குப் பலன் பார்க்கிறதில்லை.
பார்த்தேன்.

வெள்ளி ஜெபக்கூட்டத்தில்
"சகோதரி அரியரத்தினத்தின் காணி விசயம்" என்று
ஆளுக்கு ஆள் ஜெபித்தார்கள்.
நேசமலர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு
"சத்துருவின் கைகள் கட்டப்படுவதாக" என்றாள், வீடு அதிர.
சத்துரு அந்நேரம்
என் கிணற்றடியில் மோட்டரைப் போட்டு
என் வாழைகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தாள்.
கூட்டத்துக்குப் போகும்போது
நான்தான் கேட்டுவிட்டுப் போனேன்.

உமக்குத் தெரிந்ததைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

ஊரோடு ஓடிய இரவில்
தையல் மெசினை விட்டோம், கலியாணப் படத்தை விட்டோம்,
காணி உறுதியை மட்டும்
அரிசிப் பைக்குள் புதைத்துச் சாவகச்சேரிக்குக் கொண்டுபோனோம்.
தொண்ணூற்றாறில் திரும்பி வந்தபோது
வேலி என்று ஒன்றில்லை.
அடுத்த வளவில் ஆளும் இல்லை, நாயுருவிதான்.
பாதை திறந்த பிறகுதான்
வன்னியிலிருந்து திலகேஸ்வரி வந்தாள்.
அதற்குள் இவர் கதியால் நட்டுவிட்டார்.
கயிற்றின் மற்ற முனையைப் பிடித்தவள் நான்.
"இன்னும் கொஞ்சம் அங்காலை" என்றார்.
போனேன்.
"இன்னும்" என்றார்.
போனேன்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
இவர் சேமக்காலைக்குப் போய் ஆறு வருசம்,
இனி அவரைக் கேட்டும் பயனில்லை.

போன மாதம் பெட்டியைத் திறந்து
உறுதியை விரித்து வாசித்தேன்.
கிழக்கு எல்லை, கிணற்றிலிருந்து இத்தனை அடி.
வெளியே போய் என் காலாலேயே அடியடியாய் வைத்தேன்.
ஒன்றரைக் குழி வருகிறது.
ஒரு முருங்கையும் வருகிறது.
திரும்பி வந்து
உறுதியை நாலாய் மடித்து வேதத்துக்குள் வைத்து மூடி,
அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு,
"ஆண்டவரே, உம்முடைய சித்தத்தை
எனக்குத் தெரியப்படுத்தும்" என்று கேட்டேன்.
கண்ணீரோடு கேட்டேன்.
அந்தக் கண்ணீரும் உண்மைதான், அதுதான் வெட்கம்.

கேத்தில் கூவுகிறது.
முழந்தாள் நோகிறது.
நீர் ஒன்றும் சொல்லவில்லை.
மூன்று கிழமையாய் உம்மைப் பேசவிடாமல்
நான்தானே கேட்டுக்கொண்டே இருந்தேன்.

தேத்தண்ணியை ஊற்றி மூடிவைத்துவிட்டு
வேலியடிக்குப் போனேன்.
அவள் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள்.
"என்ன அக்கா, விடியக்காலமை?"
"உன்னட்டக் கயிறு கிடக்கே?" என்றேன்.
"எவ்வளவு நீளம்?"
"இந்த வேலி நீளத்துக்கு."
கைகளைச் சீலையில் துடைத்துக்கொண்டு
என் முகத்தைப் பார்த்தாள்.
அவளுக்கும் தெரிந்திருக்க வேணும்,
இத்தனை வருசமாய்.
ஒன்றும் கேட்காமல் கயிறெடுக்கப் போனாள்.

முருங்கை அந்தப் பக்கம் போகும்.
இந்த மாசம் நல்ல பூ.
அதில் எனக்குக் கொஞ்சம் கவலைதான், ஆண்டவரே.
மறைக்கவில்லை.